இருட்டறையிலிருந்து கணினித் திரைக்கு: ஒளிப்படத் திருத்தம் எளிதான வரலாறு

முன்னுரை

ஒளிப்படம் எடுத்தல் வேறு. அதனைத் திருத்தி அச்சிடுதல் வேறு. 1888இல் கோடாக் கேமரா வெளிவந்தபின் முன்னது பலர்க்கும் எளிதாயிற்று. பின்னதோ ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இருட்டறை வசதி உடையோரிடமே தங்கியது. எண்ணிமத் திருத்தம் இந்நிலையை எவ்வாறு மாற்றியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இருட்டறைப் பணி

படத்தைத் திருத்தும் வழக்கம் கணினிக்கு முற்பட்டது. ஆஸ்கர் ரெய்லாண்டர் 1857இல் 30க்கும் மேற்பட்ட எதிர்ப்படிமங்களை இணைத்து 'வாழ்வின் இரு வழிகள்' என்னும் ஒரே படத்தை உருவாக்கினார். தாளின் ஒரு பகுதியில் ஒளி படாமல் மறைத்து வெளிறச் செய்தலும், மிகுதியாக ஒளி பாய்ச்சிக் கருமையாக்குதலும் இருட்டறையில் வழங்கிய முறைகளே. இவற்றுக்கு ஒளி புகா அறை, படம் பெரிதாக்கும் கருவி, வேதிக் கரைசல்கள், தூய நீர் ஆகியன வேண்டும். இவற்றினும் பெருந்தடை பிழையின் விலையே. கையசைவு சற்றுப் பிறழினும் தாள் வீணாகும். அப்பிழையும் தாளைக் கரைசலில் இட்ட பின்னரே புலப்படும். ஆகவே, தாளை இழக்க வசதி படைத்தோரே பழகித் தேற முடிந்தது.

கணினியின் வரவு

மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு மாணவரான தாமஸ் நால், 1987இல் சாம்பல்நிறச் சாயல்கள் கொண்ட படங்களைக் கணினித் திரையில் காட்டும் நிரலை எழுதினார். அவரும் சகோதரர் ஜானும் வளர்த்தெடுத்த அந்நிரலை அடோபி நிறுவனம் 1990இல் ஃபோட்டோஷாப் என வெளியிட்டது. இவர்தம் தந்தை வீட்டிலேயே இருட்டறை வைத்திருந்தவர். அம்மென்பொருளின் 'டாட்ஜ்', 'பர்ன்' கருவிகள் இருட்டறைப் பெயர்களையே தாங்கின. அவற்றின் குறிகளும் குச்சியில் பொருத்திய தட்டும் குவித்த கையுமே.

தொடக்கத்தில் கணினியும் மென்பொருளும் விலை மிக்கனவாதலின் தடை உடனே நீங்கவில்லை. 1996இல் கிம்ப் என்னும் கட்டற்ற மென்பொருள் விலையின்றிக் கிடைத்தது. 1998இல் வந்த ஃபோட்டோஷாப் 5.0 பதிப்பின் 'ஹிஸ்டரி' பலகம், செய்த படிகள் பலவற்றையும் பின்னோக்கிச் சென்று விலக்க இடமளித்தது.

முடிவுரை

மறைத்தல், கருமையாக்கல், இணைத்தல் ஆகிய செயல்கள் பழையனவே. பிழை செய்து, அதனை விலக்கி, மீண்டும் முயலும் வாய்ப்பே புதிது. பொருட்செலவின்றிப் பழக முடிந்ததனால் இக்கலை பலர் கைக்கு வந்தது. இருட்டறைப் படம் உண்மை, கணினிப் படம் பொய் என்னும் கருத்தை ரெய்லாண்டரின் படமே மறுக்கிறது. அன்று சிலர்க்கே உரியதாயிருந்த ஆற்றலும் அதன் பொறுப்பும் இன்று பலர்க்கும் உரியனவாயின.