வரிசை எண்ணும் புல எண்ணும்

போலி நெடுவரிசை என்பது, அட்டவணையை வடிவமைத்தவர் சேர்க்காமல், தரவுத்தள அமைப்பே ஒவ்வொரு பதிவுக்கும் தரும் எண் அல்லது முகவரி ஆகும். இதிலுள்ள சிக்கல் கணினியைவிடப் பழையது. தமிழக நிலக் கணக்குகளில் அதைத் தெளிவாகக் காணலாம்.

தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டத்துப் புதூர் போன்ற கரிசல் ஊர்களில் ஒரே புஞ்சையைப் பல எண்கள் சுட்டுகின்றன. புல எண் நிலத்துக்கு உரியது. கை மாறினாலும் அது மாறாது. பட்டா எண் உடைமையாளருக்கு உரியது. நிலத்தை விற்றால் அது வேறு பட்டாவுக்குப் போய்விடும். பதிவேட்டின் வரிசை எண்ணோ படியெடுக்கும்போது மாறக்கூடியது. எடுத்துக்காட்டாக, 45/2 என்ற புலம் பாகம் பிரிந்தால் 45/2ஏ, 45/2பி ஆகும். பழைய எண்ணின் தடம் புதியதிலேயே தங்கிவிடுவது இம்முறையின் சிறப்பு.

எட்டயபுரம் ஜமீன் பரவியிருந்த இப்பகுதியில், 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் இரயத்துவாரி முறை வந்தது. கர்ணம் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டு, கணக்குகள் கிராம நிர்வாக அலுவலரிடம் சென்றன. 1979இல் தொடங்கிய யு.டி.ஆர். திட்டத்தில் நில உடைமைப் பதிவுகள் புதிதாக எழுதப்பட்டன. அப்போது நேர்ந்த பெயர், பரப்புப் பிழைகளைத் திருத்தக் கோரும் மனுக்கள் இன்றும் வருகின்றன. பயிர்க் காப்பீட்டுக்கான அடங்கலில் புல எண் பிசகினால் மானாவாரி விவசாயிக்கு இழப்பீடு சிக்கலாகும்.

தரவுத்தள உலகிலும் இதே குழப்பம் உண்டு. 1970இல் எட்கர் காட் முன்வைத்த தொடர்புசார் மாதிரியில் பதிவுகளுக்கு வரிசையே கிடையாது. ஆனால் வட்டில் எழுதும்போது பதிவு எங்கோ ஓரிடத்தில் இருந்தாக வேண்டும். ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் பக்க எண்ணையும் அப்பக்கத்தில் உள்ள இடத்தையும் சேர்த்து அடையாளமாக்கியது. ஆரக்கிளின் ரோஐடி, போஸ்ட்கிரெஸின் சிடிஐடி ஆகியவை இவ்வழி வந்தவை. சிடிஐடி, பதிவைத் திருத்தினாலே மாறிவிடும். கணக்குக் கட்டின் எத்தனையாவது பக்கம் என்று நிலத்துக்கு அடையாளம் சொல்வது போன்றது அது. போஸ்ட்கிரெஸின் ஓஐடி என்ற 32 பிட் எண், பயனர் அட்டவணைகளில் 2005இல் இயல்பாக நிறுத்தப்பட்டு, 2019இல் 12ஆம் பதிப்போடு மறைநெடுவரிசையாக இருப்பதையும் இழந்தது.

ஆரக்கிளின் ரோநம் இன்னும் வழுக்கலானது. விடை வரவர எண்ணிடுவதால், ஒன்றுக்கு மேற்பட்ட ரோநம் வேண்டும் என்று நேரடியாகக் கேட்டால் எதுவும் கிடைக்காது. முதல் பதிவு தள்ளப்பட்டதும் அடுத்ததே ஒன்றாகிவிடும். வகைப்படுத்தலுக்கு முன்பே எண் விழுந்துவிடுவதும் பலரை ஏமாற்றியது. எஸ்கியூஎல்:2003 தரநிலையின் சாளரச் சார்புகள், எந்த ஒழுங்கில் எண்ணுவது என்பதைக் கேட்பவரே சொல்ல வழிசெய்தன.

தமிழக அரசின் இணைய நிலப் பதிவுச் சேவையில் பட்டா எண்ணாலும், புல எண், உட்பிரிவு எண்ணாலும் தேடலாம்.