அசைக்கும் சுரத்துக்கும் நடந்த இழுபறி: பேக்கரக் – காஸ்டெல்லோ கூட்டுப் படைப்பு

1998இல் வெளிவந்த ‘பெயின்டட் ஃப்ரம் மெமரி’ இசைத்தொகுப்பை, மூத்த மேதைக்கு இளையவர் செலுத்திய காணிக்கையாகப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பர்ட் பேக்கரக் 1928இல் பிறந்தவர். எல்விஸ் காஸ்டெல்லோ 1954இல். ஒருவர் 1960களின் அமெரிக்க மெல்லிசைக்குப் புது முகம் தந்தவர். மற்றவர் பங்க் அலை எழுந்த 1977இல் லண்டனிலிருந்து அறிமுகமானவர். வயது இடைவெளி அந்தப் பார்வைக்கு வசதியாக இருக்கிறது. பாடல்களின் கட்டுமானமோ அதை ஏற்க மறுக்கிறது.

தாரியுஸ் மியோவிடம் இசை பயின்ற பேக்கரக், பாட்டின் உணர்ச்சி கேட்டால் தாளக்கட்டையே மாற்றிவிடுவார். டியான் வார்விக் 1963இல் பாடிய ‘எனிஒன் ஹூ ஹேட் எ ஹார்ட்’ பாடலில் தாளக் கணக்கு திரும்பத் திரும்ப மாறுகிறது. கேட்பவருக்கோ அது தவிப்பில் திணறும் பேச்சாகவே படுகிறது. அப்படி அளந்து வைத்த சுரங்களுக்கிடையே ஓர் அசையைக்கூடக் கூடுதலாக நுழைக்க அவர் இடம்கொடுத்ததில்லை. காஸ்டெல்லோவோ சொற்களை அள்ளிக் கொட்டியவர். சிலேடையும் குத்தலும் நிறைந்த அவருடைய தொடக்ககால வரிகள் மெட்டை முந்திக்கொண்டு ஓடும். ஆனாலும் அவர் இந்த மெல்லிசை மரபுக்கு அந்நியரல்லர். தந்தை ராஸ் மக்மேனஸ், ஜோ லாஸ் நடன இசைக்குழுவின் பாடகர். 1977 சுற்றுப்பயணத்திலேயே, பங்க் காலத்து ரசிகர்கள் முன்னிலையில், பேக்கரக்கின் பாடலொன்றை மகன் மனமாரப் பாடியிருக்கிறார்.

இருவரும் முதலில் சேர்ந்து எழுதியது, 1996இல் வந்த ‘கிரேஸ் ஆஃப் மை ஹார்ட்’ திரைப்படத்துக்கான ‘காட் கிவ் மீ ஸ்ட்ரென்த்’. தொலைபேசியிலும் தொலைநகலிலுமாக உருவான பாட்டு அது. மும்மூன்றாய் அசையும் மெதுவான நடையில் ஊதுகருவி தொடங்கிவைக்க, குரல் தாழ்ந்த இடத்தில் நுழைகிறது. சொற்கள் சின்னவை, அவற்றுக்கிடையே நீண்ட மௌனங்கள். நடுப்பகுதியில் மெட்டு படிப்படியாக ஏற, அதுவரை அடக்கிவைத்த கோபம் கிட்டத்தட்ட அலறலாக வெடிக்கிறது. பழைய காஸ்டெல்லோ அந்த மௌனங்களைச் சொற்களால் நிரப்பியிருப்பார். இங்கே மெட்டு அவரைக் காத்திருக்க வைக்கிறது. அந்தக் காத்திருப்பில்தான் துயரம் கனக்கிறது.

இளையவர் பெற்றுக்கொண்டது மட்டுமே கதையல்ல. பாடலாசிரியர் ஹால் டேவிட்டுடன் பணியாற்றியபோது இசை பேக்கரக்கின் பொறுப்பாக இருந்தது. இத்தொகுப்பிலோ வரிகள் காஸ்டெல்லோவுடையவை. இசை இருவருக்கும் பொது. பேக்கரக்கின் மெட்டுகளில் இத்தனை கசப்பு அதற்குமுன் தங்கியதில்லை என்பது என் கணிப்பு. 1999இல் கிராமி விருது பெற்ற ‘ஐ ஸ்டில் ஹேவ் தட் அதர் கேர்ள்’ பாடலில் குற்றவுணர்வும் ஆசையும் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொண்டிருக்கின்றன.

காஸ்டெல்லோவின் குரல் இம்மெட்டுகளுக்குப் போதாது என்பாருண்டு. வார்விக்கின் லாவகம் அவருக்கு இல்லைதான். ஆனால் எட்டாத சுரத்தை எட்ட முயலும் அந்தக் கரகரப்பு, தோற்றுப்போன காதலனின் நிலையைப் பாட்டுக்குள் மெய்யாக்குகிறது. மெருகேறிய குரலுக்கு அது கைவராது.

இதே பாடல்களை கிட்டார் கலைஞர் பில் ஃபிரிசெல் ‘தி ஸ்வீட்டஸ்ட் பஞ்ச்’ தொகுப்பில் பெரும்பாலும் வாத்திய இசையாகவே 1999இல் தந்தார். பாடகர் இல்லாத இடங்களிலும் வாக்கியம் முறியும் இடமும் மூச்சு வாங்கும் இடமும் தெளிவாகக் கேட்கின்றன. யார் சுரம் அமைத்தார், யார் சொல் தந்தார் என்று பிரித்துக் கணக்கெழுத அந்த மெட்டுகள் இடம் தரவில்லை.