ஒரு பிடி சாம்பல்

விளையாட்டில் வென்றவருக்குக் கேடயம் கொடுப்பதும் வெற்றிக்கிண்ணம் கொடுப்பதும் எங்குமுள்ள வழக்கம். ஆனால், தோல்வியின் நினைவாகப் பிறந்த ஒரு பிடி சாம்பலுக்காக இரண்டு நாடுகள் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பொருதி வருகின்றன என்றால் அது வியப்பன்றோ? இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே நடைபெறும் 'ஆஷஸ்' கிரிக்கெட் போட்டியின் சரித்திரம் அத்தகையது. அச்சரித்திரத்திலே நம் இலங்கைக்கும் ஓர் இடமுண்டு. ஆதலின், அதனை நம் இளைஞர் முன் வைக்க விழைகின்றோம்.

இவ்விரு நாட்டாரும் முதன்முதலாக டெஸ்ட் ஆட்டம் ஆடியது 1877 மார்ச்சில், மெல்பேண் நகரிலே. அவுஸ்திரேலியா 45 ஓட்டங்களால் வென்றது. எனினும், 'சாம்பல்' பிறந்தது ஐந்தாண்டுகளின் பின்னரே.

1882 ஆகஸ்ட் 29. இலண்டன் ஓவல் மைதானம். ஆடுகளத்தைத் தட்டிச் சீர்செய்யக் கோட்டை விட்டு நகர்ந்த ஜோன்ஸ் என்னும் அவுஸ்திரேலிய இளைஞரை, இங்கிலாந்தின் பெருவீரர் டபிள்யூ. ஜி. கிரேஸ் ஆட்டமிழக்கச் செய்தார். விதிப்படி அது சரி. நெறிப்படி சரியோ என்று அன்றே கேள்வி எழுந்தது. வெகுண்டெழுந்தார் பந்துவீச்சாளர் ஸ்போபோர்த். வெற்றிக்கு 85 ஓட்டங்களே வேண்டியிருந்த இங்கிலாந்து 77 ஓட்டங்களுடன் சுருண்டது. அவ்வாட்டத்தில் ஸ்போபோர்த் வீழ்த்திய விக்கெட்டுகள் 14. கொடுத்த ஓட்டங்கள் 90.

சில நாட்களில் 'ஸ்போர்ட்டிங் டைம்ஸ்' என்னும் பத்திரிகை ஒரு மரண அறிவித்தல் வெளியிட்டது. இறந்தவர் யார்? ஆங்கிலக் கிரிக்கெட்! உடல் தகனஞ் செய்யப்பட்டுச் சாம்பல் அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டு செல்லப்படும் என்று அப்பத்திரிகை எள்ளி நகையாடியது. தன் தோல்வியைத் தானே பார்த்துச் சிரிக்கும் அந்த மனப்பாங்குதான் இந்தப் போட்டியை வாழவைத்த முதல் மருந்து என்போம்.

அச்சாம்பலை மீட்டு வருவதாகச் சொல்லி அதே ஆண்டில் கப்பலேறினார் ஐவோ பிளை. அக்காலத்தில் அவுஸ்திரேலியா செல்லும் கப்பல்கள் சுயஸ் கால்வாய் வழியே வந்து கொழும்பிலே தங்கிச் செல்வது வழக்கம். 1882 ஒக்டோபரில் பிளையின் அணி கொழும்பில் இறங்கி ஓர் ஆட்டம் ஆடியது. இங்கிலாந்து அணியொன்று நம் மண்ணில் ஆடியது அதுவே முதன்முறை. கொழும்பை விட்டு நீங்கிய கப்பல் கடலிலே வேறொரு கப்பலுடன் மோதியதில் மோர்லி என்னும் பந்துவீச்சாளர் காயமுற்றார். ஆயினும், அவ்வணி இரண்டுக்கு ஒன்று என வென்றது. மெல்பேண் பெண்மணிகள் விளையாட்டாக ஏறத்தாழ நான்கு அங்குல உயரமுள்ள ஒரு சிறு மட்சாடியிலே சாம்பலிட்டுப் பிளைக்குப் பரிசளித்தனர். அவர்களுள் ஒருவரான புளோரன்ஸ் மோர்பியையே பிளை பின்னர் மணந்தார். 1927இல் அவர் மறைந்தபின் அச்சாடி இலண்டன் லோர்ட்ஸ் மைதானத்தைச் சேர்ந்தது. வென்றவர் யாராயினும் அது அங்கேயே இருக்கின்றது.

இத்துணை இனிமையாகத் தொடங்கிய போட்டி ஒருமுறை முறிந்துபோகவும் பார்த்தது. 1930இல் ஐந்து டெஸ்ட் ஆட்டங்களில் 974 ஓட்டங்கள் குவித்த டொன் பிராட்மனை அடக்க, 1932-33இல் இங்கிலாந்துத் தலைவர் ஜார்டின் உடலைக் குறிவைத்துப் பந்துவீசும் முறையை வகுத்தார். லார்வூட் அதன் ஆயுதமானார். அடிலெயிட்டில் வூட்புல்லின் நெஞ்சிலே பந்து தாக்கியது. ஓல்ட்பீல்டின் மண்டையோடு வெடித்தது. இரு நாட்டுக் கிரிக்கெட் சபைகளும் கடுமையான தந்திகள் பரிமாறின. இங்கிலாந்துக்காக ஆடிய பட்டோடி நவாப், முதல் டெஸ்டிலே சதமடித்தவர், அந்த வியூகத்தில் நிற்க மறுத்தார். இரண்டாம் டெஸ்டின் பின் அவருக்கு இடமில்லை. இங்கிலாந்து நான்குக்கு ஒன்று என வென்றது. ஆனால், அவ்வெற்றியை இன்று கொண்டாடுவார் எத்தனை பேர்? பட்டோடியின் மறுப்பையன்றோ உலகம் போற்றுகின்றது! அதே லார்வூட் 1950இல் குடிபெயர்ந்து வாழச் சென்ற நாடு அவுஸ்திரேலியாவே. அடிபட்ட நாடே அவரை அணைத்துக் கொண்டது.

1948இல், நாம் சுதந்திரம் பெற்று இரண்டு மாதங்கூட ஆகாத வேளையில், பிராட்மனின் அணி இங்கிலாந்து செல்லும் வழியில் கொழும்பு ஓவலில் ஆடியது. இலங்கை அணியின் தலைவர் தமிழரான மகாதேவ சதாசிவம். ஆடுகளம் 22 யார் இருக்க வேண்டிய இடத்தில் 20 யாரே இருந்தது பின்னர் தெரியவந்தது! சிரிப்புக்கிடமான அக்குறை ஒரு படிப்பினையுமாயிற்று. அதே மைதானம் பின்னர் பைக்கியசோதி சரவணமுத்து பெயரைத் தாங்கியது. அங்கேதான் 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்டை இங்கிலாந்துடன் ஆடியது. வழிப்போக்கரின் தங்குமடமாயிருந்த நாடு நூறாண்டில் சமபந்தியில் அமர்ந்தது. 1998இல், சாம்பல் பிறந்த அதே இலண்டன் ஓவலில், கண்டி தந்த முத்தையா முரளிதரன் 16 விக்கெட்டுகளை வீழ்த்தி இலங்கைக்கு வெற்றி தேடித்தந்தார்.

இன்னுமொரு காட்சி. 2005இல் பர்மிங்ஹாமில் அவுஸ்திரேலியா இரண்டே ஓட்டங்களால் தோற்றது. இறுதிவரை நின்று போராடிய பிரெட் லீ ஆடுகளத்திலே குந்திவிட்டார். வென்ற அணியின் பிளின்டொப், அவரருகே சென்று குனிந்து தோளிலே கை வைத்தார். அத்தொடரிலே இங்கிலாந்து சாம்பலை மீட்டது பெரிதா, அந்தக் கை பெரிதா? மக்கள் நினைவில் நிற்பது அந்தக் கையே.

இளைஞரே! வெட்டிய வயலிலே குச்சி நட்டுப் பந்தடிக்கும் நமக்கும் அயலூர்கள் உண்டு. சம்மாந்துறை உண்டு, கல்முனை உண்டு. எதிரணி இல்லையேல் ஆட்டமே இல்லை. வெல்லத் துடிப்பது வீரம். வென்றபின் கை கொடுப்பது பண்பு. தோற்றபின் சிரித்துக்கொண்டு அடுத்த நாளைக் குறிப்பது அதனினும் பெரிது. நெற்றியிலே நீறணியும் நமக்கு, எந்த வெற்றியும் இறுதியில் ஒரு பிடி சாம்பலே என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எஞ்சுவது, நாம் எப்படி ஆடினோம் என்ற பெயர் ஒன்றே. அப்பெயரைக் காப்போமாக.