நார்த்தாமலைச் சுனையும் கான் நகரத்து நீச்சல் குளமும்

போன மாதம் நார்த்தாமலையில் மேலமலை ஏறி விஜயாலய சோழீச்சரத்தைப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பேச்சு தொண்டைமான் ராஜாக்கள் பக்கம் திரும்பியது. பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "வெள்ளைக்காரியைக் கட்டிக்கிட்டுப் போனாரே ஒரு ராஜா, அவரு பிரான்சுல கடலோரமா ஒரு சூதாட்ட கிளப்புல உக்காந்து சமஸ்தானத்தையே தோத்துட்டாரு தம்பி. அந்த கிளப்பை வச்சு சினிமாவே எடுத்திருக்கானாம்."

"சினிமா உண்மைதான் அய்யா. ராஜா கதையைப் பாத்துட்டுத்தான் சொல்லணும்" என்றேன். அவர் சிரித்துவிட்டு டீயைக் குடித்தார்.

வீட்டுக்கு வந்தும் அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. எந்தப் பாதி சரி என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் சினிமா

படத்தின் பெயர் 'மெலோடி ஆன் சூ-சோல்'. 1963-ல் வெளிவந்த பிரெஞ்சுப் படம். நிலவறைக்குள் ஒலிக்கும் மெட்டு என்று பெயருக்குப் பொருள் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'எனி நம்பர் கேன் வின்' என்று ஓட்டினார்கள். ஐரோப்பியச் சூதாட்ட விடுதிக் கொள்ளைப் படங்களில் இதை விட்டுவிட்டு யாரும் பட்டியல் போட முடியாது.

கதை எளிமையானது. சார்ல் என்கிற கிழட்டுத் திருடன் ஐந்து வருடம் சிறையில் இருந்துவிட்டு வெளியே வருகிறான். பாரிஸ் புறநகரான சார்செலில் அவன் வீடு. ரயிலை விட்டு இறங்கினால் ஊரே அடையாளம் தெரியவில்லை. தோட்டமும் சின்னச் சின்ன வீடுகளுமாக இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் முளைத்து நிற்கின்றன. தெருப் பெயர்கூட மாறிவிட்டது. நடுவில் அவன் வீடு மட்டும் திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்கிறது. மனைவி, இனிமேலாவது மரியாதையாக ஒரு தொழில் பார்த்து நிம்மதியாக இருப்போம் என்கிறாள். அவனுக்கோ கடைசியாக ஒன்றே ஒன்று பாக்கி. கான் நகரத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் உள்ள பாம் பீச் சூதாட்ட விடுதியின் நிலவறைப் பணம்.

இதற்காகச் சிறையில் பழக்கமான பிரான்சிஸ் என்கிற இளைஞனையும், அவனுடைய அக்காள் புருஷனான மெக்கானிக் லூயியையும் சேர்த்துக்கொள்கிறான். பிரான்சிஸ் பணக்கார வீட்டுப் பிள்ளையாக வேஷம் போட்டு அங்கே தங்கி, நடனக்காரி ஒருத்தியைப் பிடித்து மேடைக்குப் பின்னால் போய்வரும் வழியை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். பிறகு கூரை ஏறி, காற்றுக் குழாய்க்குள் ஊர்ந்து, லிஃப்ட் இறங்கும் பள்ளத்தின் வழியாகப் பணம் எண்ணும் அறைக்குப் போக வேண்டும். அந்த ஊர்ந்து போகும் காட்சியில் நமக்கும் மூச்சு முட்டும்.

கொள்ளை நடக்கிறது. ஆனால் மறுநாள் செய்தித்தாளில், முந்தின இரவு விடுதியில் எடுத்த புகைப்படம் ஒன்று வெளியாகிறது. அதில் பிரான்சிஸ் தெளிவாகத் தெரிகிறான். உடனே பணத்தைக் கைமாற்ற வேண்டும். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுக்கும் இடம் அதே விடுதியின் நீச்சல் குளக்கரை. சுற்றிலும் போலீஸ், பைகளின் அடையாளத்தைப் பற்றிய பேச்சு காதில் விழுகிறது. வேறு வழியில்லாமல் பிரான்சிஸ் பைகளை மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்கிவிடுகிறான். கொஞ்ச நேரத்தில் பை திறந்துகொள்கிறது. நோட்டுகள் ஒவ்வொன்றாக மேலே வந்து குளம் முழுக்கப் பரவுகின்றன. குளத்தின் எதிரெதிர்க் கரைகளில் அந்த இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் படம்.

எடுத்த கதை

இயக்குநர் ஆன்றி வெர்னெய். கேட்டால் பிரெஞ்சுக்காரர் பெயர். ஆனால் இயற்பெயர் அஷோத் மலாக்கியன். 1920-ல் துருக்கியில் பிறந்த ஆர்மீனியர். குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அகதியாக மார்செய் துறைமுகத்தில் வந்து இறங்கியது. சொந்த ஊரை இழந்து வந்தவர் என்பதால்தானோ என்னவோ, ஊர் மாறிப்போன கிழவனின் அந்த முதல் காட்சியை அவ்வளவு பொறுமையாக எடுத்திருக்கிறார். இது என் ஊகம்தான்.

மூலக்கதை அமெரிக்காவுடையது. ஜான் டிரினியன் என்ற புனைபெயரில் ஸீகியல் மார்க்கோ எழுதிய 'தி பிக் கிராப்' என்ற நாவல். அதைப் பிரெஞ்சு மண்ணுக்கு மாற்றியவர்கள் வெர்னெய், அல்பேர் சிமொனேன், மிஷெல் ஒதியார் மூவரும். சிமொனேன் பாரிஸ் ரவுடிகளின் கொச்சை மொழியில் நாவல் எழுதிப் பேர் வாங்கியவர். ஒதியார் வசனம் என்றால் அங்கே தியேட்டரில் தனி மவுசு. இசை மிஷெல் மாஞ். தாளமும் பித்தளை வாத்தியமுமாக அவர் போட்ட ஜாஸ் மெட்டு படத்தைவிட அதிகம் பேருக்குத் தெரியும்.

சார்லாக நடித்தவர் ழான் கபேன். 1937-லேயே 'பெப்பே லெ மொக்கோ', 'லா கிராண்ட் இல்யூஷன்' என்று உச்சியில் இருந்தவர். பிரான்சிஸாக வந்தவர் அலன் தெலோன். அப்போது அவருக்கு வயது இருபத்தேழுதான். கபேனுடன் நடித்தே தீர வேண்டும் என்று நின்றார். சம்பளப் பேச்சு படியாதபோது, சம்பளத்துக்குப் பதிலாக ஜப்பான், சோவியத் யூனியன், அர்ஜென்டினா ஆகிய நாடுகளின் விநியோக உரிமையை வாங்கிக்கொண்டார். சூதாட்டப் படத்தில் நடித்தவரே ஆடிய சூதாட்டம் இது. அவர் ஜெயித்தார். ஜப்பானில் அவருக்குக் கிடைத்த பெரும்புகழுக்கு இந்தப் படம் ஒரு முக்கியக் காரணம்.

இதற்கு முன்னால் 1956-ல் ழான்-பியேர் மெல்வில் எடுத்த 'பாப் லெ ஃப்ளாம்பர்' இருக்கிறது. அதில் தோவில் நகரத்துச் சூதாட்ட விடுதியைக் கொள்ளையடிக்கப் போன கிழவன், நேரம் போக்க மேஜையில் உட்காருகிறான். வாழ்நாள் முழுக்கக் கைகொடுக்காத அதிர்ஷ்டம் அன்றைக்குக் கொட்டுகிறது. கொள்ளையையே மறந்துவிடுகிறான். அதே 1956-ல் ஹாலிவுட்டில் 'தி கில்லிங்' படத்தில் கொள்ளைப் பணம் விமான நிலையத்தில் காற்றில் பறந்தது. 1960-ல் 'ஓஷன்ஸ் லெவன்' படத்தில் சவப்பெட்டியோடு எரிந்தது. 1963-ல் தண்ணீரில் மிதந்தது. காற்று, நெருப்பு, நீர் மூன்றும் முடிந்தது. திருடியவன் பணத்தை அனுபவிக்கக் கூடாது என்பது அக்காலப் படங்களின் எழுதாத சட்டம். நம் ஊரில் அந்த வேலையைக் கடைசிக் காட்சியில் ஜீப்பில் வந்து இறங்கும் போலீஸ் செய்தது. 2011-ல் 'மங்காத்தா' வந்தபோதுதான் அந்தச் சட்டத்தைத் தைரியமாக மீறினார்கள். அந்தப் பெயரே நம்ம ஊர் சீட்டாட்டத்தின் பெயர்.

இப்போது ராஜா

புதுக்கோட்டை சமஸ்தானத்தின் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1875-ல் பிறந்தவர். 1886-ல் பாட்டனார் ராமச்சந்திர தொண்டைமானின் தத்துப்பிள்ளையாகப் பட்டத்துக்கு வந்தார். குதிரைப் பந்தயத்தில் பிரியம் உண்டு. 1915 ஆகஸ்ட் 10 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் மோலி ஃபிங்க் என்ற பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். செய்தித்தாள்களுக்குக் கொண்டாட்டம். பிரிட்டிஷ் அரசாங்கத்துக்குக் கோபம். மோலியை ராணியாக அங்கீகரிக்க மறுத்தார்கள்.

இருவரும் புதுக்கோட்டைக்கு வந்தார்கள். சில மாதங்கள்தான் இருக்க முடிந்தது. கருவுற்றிருந்த மோலிக்கு உடம்பு சரியில்லாமல் போக, அரளி விஷம் வைத்துவிட்டார்கள் என்ற சந்தேகம் எழுந்தது. மறுபடியும் ஆஸ்திரேலியா. 1916-ல் சிட்னியில் மகன் பிறந்தான். மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று ஊர்ப் பெயரையும் சேர்த்தே வைத்தார்கள். அந்தப் பிள்ளைக்குப் பட்டத்து உரிமை கிடையாது என்பதில் பிரிட்டிஷார் அசையவில்லை.

கடைசியில் ராஜா நிர்வாகத்திலிருந்து விலகினார். 1922 முதல் உடன்பிறந்தவரான விஜய ரகுநாதப் பல்லவராயர் ரீஜென்ட்டாக இருந்து சமஸ்தானத்தைப் பார்த்துக்கொண்டார். ராஜாவும் மோலியும் குடியேறிய ஊர் எது தெரியுமா? பிரான்சின் தென்கரையில் உள்ள கான். ஆமாம், படத்தில் வரும் அதே கான்.

பெரியவர் சொன்ன கதைக்கு வேர் இங்கேதான். ராஜா கானில் வாழ்ந்தார், உண்மை. கானில் பெரிய சூதாட்ட விடுதி உண்டு, உண்மை. அதை வைத்துப் படம் எடுத்தார்கள், அதுவும் உண்மை. மூன்றையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டால் கதை தயார்.

ஆனால் தேதியைப் பாருங்கள். ராஜா 1928 மே 28 அன்று பாரிசில் இறந்துபோனார். லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் தகனம் நடந்தது. பாம் பீச் சூதாட்ட விடுதி திறந்தது 1929-ல். இறந்தவர் போய்ச் சீட்டாட முடியாது.

சமஸ்தானத்தைத் தோற்றார் என்பதும் தப்பு. அது எந்த மேஜையிலும் பணயமாக வைக்கப்படவில்லை. அவர் இறந்த 1928-லேயே ஆறு வயதுச் சிறுவன் ராஜகோபாலத் தொண்டைமானைப் பிரிட்டிஷார் பட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1948 மார்ச் 3 அன்று இந்தியாவுடன் இணையும்வரை சமஸ்தானம் இருந்தது. மார்த்தாண்டர் இழந்தது ஊரை. இழந்த காரணம் ஒரு கல்யாணம். அதைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டால் பிரிட்டிஷாரின் பங்கு கதையிலிருந்து சத்தமில்லாமல் நழுவிவிடுகிறது. எனக்கு உறுத்துவது அதுதான். ஒரு மனிதரின் பெயரில் இல்லாத கெட்ட பழக்கத்தை ஏற்றுகிறோம் என்பது மட்டுமல்ல. இருந்த அநியாயத்தையும் அழித்துவிடுகிறோம்.

மோலி கணவர் போன பிறகும் நெடுங்காலம் இருந்தார். கடைசிக் காலம் கானில்தான். 1967 நவம்பரில் அங்கேயே இறந்தார். அதாவது பாம் பீச் நீச்சல் குளத்தில் நோட்டுகள் மிதந்த படம் தியேட்டருக்கு வந்தபோது, புதுக்கோட்டை ராஜாவின் மனைவி உயிரோடு இருந்தார். இதற்குமேல் ஒரு வரி சேர்த்தாலும் நானும் அந்தப் பெரியவர் மாதிரி முடிச்சுப் போட ஆரம்பித்துவிடுவேன்.

காசும் கட்டையும்

ஐரோப்பியச் சூது நம்ம பக்கம் வரவே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். சின்ன வயதில் திருவிழாக் கூட்டத்தின் ஓரத்தில், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் 'லங்கர் கட்டை' உருட்டுவதைப் பார்த்திருக்கிறேன். கிரீடம், நங்கூரம், சீட்டுக்கட்டின் நான்கு சின்னங்கள் என்று ஆறு முகம். பிரிட்டிஷ் மாலுமிகள் ஆடிய ஆட்டம். லங்கர் என்றாலே நங்கூரம்தான். கடலே இல்லாத ஊரில் நங்கூரத்தின்மேல் காசு வைத்தார்கள் நம்ம ஆட்கள். போலீஸ் தலை தெரிந்தால் துணியோடு சுருட்டிக்கொண்டு ஓட்டம்.

காசு என்றதும் புதுக்கோட்டை அம்மன் காசு ஞாபகம் வருகிறது. பிரகதாம்பாள் உருவம் பொறித்த, விரல் நகம் அளவுச் செப்புக் காசு. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துக் கொடுத்த காசு. 1889-ல் சேஷையா சாஸ்திரி திவானாக இருந்தபோது அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் அச்சாகி வந்தது. நம்ம அம்மன் சீமையிலிருந்து கப்பலில் வந்தாள். நம்ம ராஜா கப்பலேறிச் சீமைக்குப் போனார்.

கடைசியாக, சுனை

மேலமலை ஏறும் வழியில் 'தலையருவிச் சிங்கம்' என்று ஒரு சுனை உண்டு. அதன் தண்ணீருக்கு அடியில், பாறைச் சரிவைக் குடைந்த ஒரு சிறு கருவறையும் ஒரு லிங்கமும் இருக்கின்றன. சாதாரண நாளில் கண்ணுக்குத் தெரியாது. 1857-ல் ராமச்சந்திர தொண்டைமானின் மூத்த ராணி, சுனை நீரை இறைத்துவிட்டு அந்த லிங்கத்தைக் கும்பிட்டார் என்று பக்கத்துப் பாறையில் கல்வெட்டு இருக்கிறது.

புதுக்கோட்டை சமஸ்தானக் கல்வெட்டுகளின் மூலப் பாடம் புத்தகமாக அச்சானது 1929-ல். பாம் பீச் திறந்த அதே வருடம். ராஜா இரண்டையும் பார்க்கவில்லை.

கான் நகரத்துக் குளத்தில் மறைத்தது தானாக மேலே வந்து காட்டிக்கொடுத்தது. நார்த்தாமலைச் சுனையில் உள்ளது அப்படி வராது. யாராவது மெனக்கெட்டுத் தண்ணீரை இறைத்தால்தான் தெரியும். பழைய விஷயங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகை.

அடுத்த முறை போகும்போது அந்தப் பெரியவரைத் தேடிப் பார்க்க வேண்டும். 1928, 1929 என்று இரண்டு வருடத்தை மட்டும் சொன்னால் போதும். நம்புவாரா தெரியவில்லை. ஆனால் படத்தை நிச்சயம் காட்டுவேன்.