மண்ணும் நீரும்: ஒரு மரச்செதுக்கின் கதை



பிரிஸ்பேனிலுள்ள குயின்ஸ்லாந்து கலைக்கூடத்தின் சேகரிப்பில் ஒரு பெரிய மரச்செதுக்கு அச்சுப் படைப்பு இருக்கிறது. பெயர் 'சபா தானா ஆயர்கு'. ஆண்டு 2017. மலாய் மொழியில் 'தானா' என்றால் மண், 'ஆயர்' என்றால் நீர். இரண்டும் சேர்ந்தால் தாய்நாடு! 'சபா என் தாய்நாடு' என்பதே தலைப்பின் பொருள். மலேசியாவின் சபா மாநில கீதத்தின் பெயரும் அதுதான்.

இதைச் செய்தவர்கள் 'பங்ரொக் சுலாப்' என்ற குழுவினர். 2010இல் கினபாலு மலையை அண்டிய ரானாவில் ஒன்றுசேர்ந்தவர்கள். 'பங்ரொக்' என்பது பங்க் ரொக் இசையைச் சபா மக்கள் உச்சரிக்கும் விதம். 'சுலாப்' என்றால் விவசாயிகள் இளைப்பாறும் குடில். 'வாங்காதே, நீயே செய்' என்பது இவர்களின் கொள்கை. மரச்செதுக்கை இந்தோனேசியாவின் 'மார்ஜினல்' என்ற பங்க் குழுவினரிடம் பழகினார்கள்.

வேலை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டும். பலகையில் வெள்ளையாக வரவேண்டிய இடங்களைச் செதுக்கி எடுத்துவிட வேண்டும். எஞ்சி நிற்கும் மேட்டில் மை பூச வேண்டும். எழுத்துகளை இடம் வலம் மாற்றிச் செதுக்க வேண்டும். பிறகு துணியை விரித்து அழுத்த வேண்டும். இவர்களுக்கு அச்சு இயந்திரம் தேவையில்லை. பாட்டுப் போட்டுக்கொண்டு, ஊராரையும் கூட்டி, துணியின்மேல் ஏறிக் காலால் மிதித்து ஆடுவார்கள். அதுவே அச்சாகிவிடும்.

செலவு குறைந்த இந்தக் கலையை ஆசியாவில் மக்களின் குரலாக்கியவர்களில் முக்கியமானவர் சீன எழுத்தாளர் லூ சுன். 1931 ஆகஸ்டில் ஷாங்காயில் இளைஞர்களுக்கு மரச்செதுக்குப் பயிற்சி ஒன்றை நடத்தினார். ஜப்பானிய ஆசிரியர் கற்பிக்க, அவரே மொழிபெயர்த்தார். ஓவியத்துக்குப் பிரதி ஒன்றுதான். பலகைக்கோ பல பிரதிகள். ஒன்றைக் கிழித்தாலும் இன்னொன்று வரும்.

'சபா தானா ஆயர்கு' படைப்புக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்றில் சபாவின் அழகும் வளமும். மற்றதில் காடழிப்பு, ஊழல் போன்ற குறைகள். 2017இல் ஜப்பான் பவுண்டேசன் கோலாலம்பூரில் ஏற்பாடு செய்த கண்காட்சியில் இது தொங்கியது. புகார் ஒன்று வந்ததும் இறக்கப்பட்டது. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2018 நவம்பர் முதல் 2019 ஏப்ரல் வரை பிரிஸ்பேனில் நடந்த ஒன்பதாவது ஆசிய பசிபிக் கண்காட்சியில் அதே படைப்பு மக்கள் பார்வைக்கு வந்தது.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். வரவை மட்டும் காட்டி, செலவை மறைத்த ஐந்தொகையில் எந்தக் கணக்காளரும் கையெழுத்து வைக்கமாட்டார். ஆனால் நம் விழா மலர்களிலும், ஏன், இந்த ஒலிபரப்பிலுங்கூட, பிறந்த ஊரைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் வரவுப் பக்கத்தைத்தானே வாசிக்கிறோம்? கோயில் திருவிழாவைச் சொல்வோம். அதே கோயில் வாசலில் யார் யாரை உள்ளே விடவில்லை என்பதைச் சொல்லமாட்டோம்.

ஊர்மேல் பாசம் இல்லாதவர்கள் 'என் தாய்நாடு' என்று தலைப்பு வைத்திருக்கமாட்டார்கள். குறையைச் செதுக்கியதும் அந்தப் பாசந்தான். இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் ஒருநாள் நம்மிடம் கணக்குக் கேட்பார்கள். அப்போது இரண்டு பக்கத்தையும் காட்டுவோம்.