தொலைக்காட்சி உளவாளியின் பகைவர்: அமெரிக்கப் படங்கள், 1954–2008

அமெரிக்கத் தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்பட்ட உளவுப் படங்களில் நாயகன் அதிகம் மாறவில்லை, மாறியவன் பகைவன். 1954 அக்டோபர் 21 அன்று சி.பி.எஸ். நிறுவனம் 'கசினோ ராயல்' கதையை நேரலை நாடகமாக ஒளிபரப்பியது. ஜேம்ஸ் பாண்ட் திரையில் தோன்றியது அதுவே முதல் முறை. பாரி நெல்சன் நடித்த அந்த பாண்ட் அமெரிக்கர். பீட்டர் லோர் நடித்த வில்லன் சோவியத் கையாள். பகைவனுக்கு அப்போது ஒரு நாடு இருந்தது.

பத்தாண்டுகளுக்குப் பின் வந்த 'தி மேன் ஃப்ரம் அங்கிள்' தொடர் பகைவனை நாடற்றவனாக்கியது. அதில் ஓர் அமெரிக்க ஒற்றரும் ஒரு ரஷ்ய ஒற்றரும் தோளோடு தோள் நின்று 'த்ரஷ்' என்ற அமைப்பை எதிர்த்தனர். எந்த அரசின் மனமும் நோகாது என்பதால் தொலைக்காட்சிக்கு இது வசதியாகவும் இருந்தது. தொடர் முடிந்து 15 ஆண்டுகளுக்குப் பின், 1983 ஏப்ரலில், அதே நாயகர்கள் தொலைக்காட்சிப் படமொன்றில் திரும்பி வந்தனர். உலகை ஆள நினைத்த த்ரஷ், அதில் அணுகுண்டைத் திருடிப் பணம் கேட்டு மிரட்டும் கும்பலாகச் சுருங்கியிருந்தது.

இந்தச் சுருக்கத்தில் தொலைக்காட்சியின் வடிவத்துக்கும் பங்குண்டு. இரண்டு மணி நேர ஒளிபரப்பில் விளம்பரங்கள் போகக் கதைக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்கு முன்பும் பார்வையாளரைப் பதற்றத்தில் நிறுத்தியாக வேண்டும். கெடு விதித்து மிரட்டும் பயங்கரவாதி அதற்குக் கச்சிதமாகப் பொருந்தினான்.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. 1993இல் வந்த 'டெத் டிரெயின்' படத்தில் கட்டுமீறிய ரஷ்யத் தளபதியொருவர் வில்லன். ரயிலில் போகும் அணுகுண்டைத் தடுக்க வேண்டியவர்கள் ஐ.நா.வின் கற்பனைப் பிரிவொன்றைச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஒருவராக நடித்த பியர்ஸ் பிராஸ்னன், இரண்டே ஆண்டுகளில் பெரிய திரையில் பாண்ட் ஆனார்.

இந்த வரிசையில் கூர்ந்து பார்க்கத் தக்கது, ஃபாக்ஸ் 1998 மே 26 அன்று ஒளிபரப்பிய 'நிக் ஃபியூரி: ஏஜென்ட் ஆஃப் ஷீல்டு'. 1963இல் மார்வெல் சித்திரக்கதையில் போர்க்களச் சார்ஜென்ட்டாகப் பிறந்த ஃபியூரி, 1965இல் ஷீல்டு உளவு அமைப்பின் தலைவரானவர். படத்தின் திரைக்கதையை டேவிட் கோயர் எழுத, ராட் ஹார்டி இயக்கினார். ஃபியூரியாக டேவிட் ஹாசல்ஹாஃப் நடித்தார். பனிப்போர் முடிந்ததால் வேலையிழந்து, கனடாவின் யூக்கான் பகுதியில் ஒதுங்கியிருக்கும் ஃபியூரியைப் பழைய அமைப்பே தேடி வந்து அழைக்கிறது. ஹைட்ரா என்னும் பயங்கரவாத அமைப்பு கொடிய வைரஸைக் கைப்பற்றி மன்ஹாட்டனை அழிப்பதாக மிரட்டுகிறது. ஃபியூரியின் உடலிலும் நஞ்சு ஏறிவிடுவதால் கெடு இரட்டிப்பாகிறது. மலிவான அரங்குகளும் மிகை நடிப்பும் படத்துக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தன, அது நியாயமே. ஆனால் அதன் அச்சம் காலத்தோடு ஒட்டியது. 1993இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் குண்டு வெடித்திருந்தது. 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்கியோ அமைப்பினர் சாரின் நச்சுவாயுவைப் பரப்பியிருந்தனர். பனிப்போர் ஒற்றருக்கு இனி என்ன வேலை என்ற கேள்வியை நேராகவே எழுப்பி, அந்தப் புதிய அச்சத்தைக் கொண்டு விடை சொன்னது இப்படத்தின் தனிச்சிறப்பு.

2001 நவம்பரில், செப்டம்பர் 11 தாக்குதலுக்கு எட்டு வாரங்களுக்குப் பின், ஃபாக்ஸ் '24' தொடரைத் தொடங்கியது. கெடு அங்கே கடிகாரமாகவே திரையில் ஓடியது. எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் ஏழாம் பருவம் தள்ளிப்போனபோது, இடைவெளியை நிரப்ப 2008 நவம்பர் 23 அன்று '24: ரிடெம்ப்ஷன்' என்ற தொலைக்காட்சிப் படம் வந்தது. தென்னாப்பிரிக்காவில் படமாக்கப்பட்ட இதன் களம் சங்காலா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாடு. சிறுவர்களைப் போராளிகளாக்கும் கிளர்ச்சிப் படையிடமிருந்து மாணவர்களைக் காத்து, அமெரிக்கத் தூதரகத்தில் சேர்ப்பதே தொடரின் நாயகன் ஜாக் பவரின் பணி.