தையல் இயந்திர ஊசி: மட்டக்களப்பு வாவிக் கரையில் துணிக்கேற்ற தெரிவு

தையல் இயந்திர ஊசி, மேல்நூலைத் துணியினூடே கீழே கொண்டுசென்று, திரும்பி எழத் தொடங்கும்போது ஒரு சிறு நூல்வளையத்தை உண்டாக்கிக் கொடுக்கும் உருக்குக் கருவியாகும். அந்த வளையத்தை இயந்திரத்தின் கொக்கி பிடித்து, கீழ்நூலான பொபின் நூலைச் சுற்றி எடுத்தால்தான் தையல் பூட்டிக்கொள்ளும். ஊசி தன் கீழெல்லையிலிருந்து இரண்டு, இரண்டரை மில்லிமீற்றர் எழும் கணத்தில் கொக்கி வளையத்தைப் பிடித்தாக வேண்டும். அந்தக் கணத்தில் துணி அசையாமல் நிற்கிறதா, ஊசியோடு சேர்ந்து எழும்புகிறதா என்பதைப் பொறுத்தே தையல் விழும் அல்லது விட்டுப் போகும். ஏறாவூர் முதல் கல்முனை வரை வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை ஊர்களில், ஒரே தையற்காரரின் மேசைக்கு மருதமுனைக் கைத்தறிச் சாரமும் பாடசாலை வெள்ளைச் சீருடையும் பொலியெஸ்டர் அபாயாவும் இழுபடும் ரீசேட் துணியும் வந்துசேர்கின்றன. துணியை விரலால் தடவி, கனத்தை மட்டும் பார்த்து ஊசியின் இலக்கத்தை முடிவுசெய்வது பரவலான பழக்கம். அது போதாது. துணி நெய்யப்பட்டதா பின்னப்பட்டதா, அதன் இழைகள் எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்பதே முதலில் கேட்க வேண்டியது. கனம் அதற்கு அடுத்த கேள்வி.

ஊசி உறையில் 90/14 என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது ஊசித் தண்டின் விட்டத்தை மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்காகச் சொல்கிறது: 90 என்றால் 0.9 மில்லிமீற்றர். இரண்டாவது, சிங்கர் வழியாகப் பழக்கத்தில் வந்த இலக்கம். கடையில் "14ஆம் நம்பர்" என்று கேட்பது இதையே. 70/10, 75/11, 80/12, 100/16 என்று வரிசை செல்லும். நூலின் இலக்கமோ எதிர்மாறானது. 120ஆம் இலக்க நூல் 80ஆம் இலக்க நூலைவிட மெல்லியது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளும்போது தடித்த நூல் ஒடுங்கிய காதுக்குள் உராய்ந்து பிசிறுகிறது. நூலைக் கோத்து, நூலை இரு கைகளாலும் சரிவாகப் பிடித்து, ஊசி தானாக வழுக்கி இறங்குகிறதா என்று பார்த்தால் இரண்டும் பொருந்துமா என்பது உடனே தெரிந்துவிடும்.

இலக்கம் இவ்வளவுதான் சொல்லும். முனையின் வடிவத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஒரே கனமுள்ள இரு துணிகளை எடுத்துக்கொள்வோம்: ஒன்று நெய்த பருத்திச் சேட்டுத் துணி, மற்றது பின்னிய ரீசேட் துணி. புதிய 80/12 கூர்முனை ஊசியால் இரண்டையும் தைத்தால் சேட்டுத் துணியில் தையல் நேராக ஓடும். ரீசேட்டில் ஆங்காங்கே தையல் விட்டுப் போகும். சில தரம் கழுவிய பிறகு தையலோரத்தில் சிறு துளைகள் தோன்றி ஏணிபோல் கீழிறங்கும். கனம் ஒன்று, இலக்கம் ஒன்று, விளைவு மட்டும் வேறு. நெய்த துணியில் ஓர் இழை அறுந்தாலும் அயலிழைகள் அதைப் பிடித்துக்கொள்ளும். பின்னல் துணி கண்ணியோடு கண்ணி கோத்த ஒன்று. ஒரு கண்ணி அறுந்தால் கீழுள்ளதும் அவிழும். ஆகவே அதற்கு இழையை வெட்டாமல் விலக்கிப் புகும் உருண்டை முனை ஊசி தேவை. அதிகம் இழுபடும் துணி ஊசியோடு ஒட்டி மேலெழுவதால் வளையம் சரியாக விரிவதில்லை. ஸ்ட்ரெச் ஊசியில் காதுக்குப் பின்னாலுள்ள குடைவு ஆழமாக இருப்பது, கொக்கி இன்னும் நெருங்கி வந்து அந்தச் சிறு வளையத்தையும் பிடிப்பதற்காகவே.

அபாயாத் துணி இதற்கு நேரெதிர். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் அதிகம் தைக்கப்படும் கறுப்புப் பொலியெஸ்டர் துணிகள் பல, மெல்லிய இழைகளை மிக நெருக்கமாக நெய்தவை. முனை சற்றே உருண்ட பொதுப் பாவனை ஊசி அங்கே இடைவெளி காணாமல் இழையைத் தள்ளும். தள்ளப்பட்ட இழை துணியின் குறுக்கே ஒரு பளபளப்பான கோடாகத் தெரியும். தடித்த ஊசியானால் ஒதுங்க இடமில்லாத இழைகள் நெருக்குண்டு தையல்வரி முழுவதும் சுருங்கும். அந்தச் சுருக்கம் துணியின் கட்டமைப்பிலேயே விழுவது என்பதால் இஸ்திரியால் முற்றாகப் போகாது. மெல்லிய கூர்முனை ஊசி, 70/10 அல்லது 75/11, மெல்லிய நூல், சற்று நீண்ட தையல் ஆகியவையே அதற்குப் பொருத்தம். பட்டுச் சேலையின் சட்டைக்கும் இதே முறை. சரிகையுள்ள இடத்தில் முனை சிறிதும் மழுங்கியிருக்கக் கூடாது.

மருதமுனைச் சாரத்துக்கு இவ்வளவு கண்டிப்பு இல்லை. கைத்தறி நெசவில் ஊசி நுழைய இடமுண்டு. 80/12 பொதுப் பாவனை ஊசி போதும். ஆனால் சாரம் மூட்டும் தையல் ஊடைக்கு இணையாக, எல்லாப் பாவிழைகளையும் கடந்து ஓடுகிறது. 100/16 ஊசியால் மூட்டினால் பாவிழைகள் வரிசையாகக் காயப்பட்டு, சாரம் முதலில் கிழிவது அந்த வரியில்தான். அரசு 1993 முதல் இலவசமாக வழங்கிவரும் சீருடைத் துணிக்கும் 80/12 பொருந்தும். பெட்டி மடிப்புகள் இடுப்பில் வந்து கூடும் இடத்தில் அடுக்குகள் பெருகுகின்றன. அதற்காக முழு ஆடைக்கும் தடித்த ஊசி போடுவதைவிட, அந்த ஓரிரு அங்குலத்தைக் கையால் சக்கரத்தைச் சுழற்றிக் கடப்பது அல்லது இடுப்புக்கு மட்டும் 90/14 மாற்றுவது நல்லது.

முன்னோர் ஒரே ஊசியால் எல்லாவற்றையும் தைத்தார்களே என்று கேட்கப்படுவதுண்டு. உண்மைதான். சிங்கர் நிறுவனம் இலங்கையில் 1877இல் கால்பதித்த பிறகு நெடுங்காலம் இக்கரைகளில் தைக்கப்பட்டது பெரும்பாலும் நெய்த பருத்தி. அதற்கு ஒரு முனை போதுமாக இருந்தது. மாறியது துணி. இயந்திரமும் மாறியிருக்கிறது. காலால் மிதிக்கும் இயந்திரத்தில் ஊசி சூடேறுவதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. நிமிடத்துக்கு 4,000 தையலுக்கு மேல் ஓடக்கூடிய மோட்டார் இயந்திரத்தில் ஊசியின் வெப்பம், ஏறத்தாழ 260 பாகை செல்சியசில் உருகும் பொலியெஸ்டரையே இளக்கிக் காதில் ஒட்டவைத்துவிடும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னும் போர் முடிந்த பின்னும் இப்பிரதேசத்தில் பல பெண்களுக்குத் தையல் இயந்திரம் வாழ்வாதார உதவியாகக் கிடைத்தது. இயந்திரம் கொடுப்பவர்கள் துணிவகைக்கேற்ற ஊசிகளையும், அவற்றைத் தெரிவுசெய்யும் அறிவையும் சேர்த்துக் கொடுப்பதே முழுமையான உதவி. கெட்டுப்போன ஓர் அபாயாவின் இழப்பைத் தைத்தவரே சுமக்க நேர்கிறது.

இன்னொரு மறுப்பு, கோளாறு ஊசியில் அல்ல, நூல் இறுக்கத்தில்தான் என்பது. இறுக்கம் பிழைத்தால் தையலின் முடிச்சு மேலேயோ கீழேயோ இழுபட்டுத் தெரியும், அதுவும் வரி முழுவதும். முடிச்சு நடுவில் ஒழுங்காக இருந்தும் இடையிடையே தையல் விட்டுப் போனால் முதலில் ஐயுற வேண்டியது ஊசியை. இறுக்கத்தைத் தொடுவதற்கு முன் புதிய ஊசியைப் போட்டுப் பார்ப்பதே முறை. திருகைத் திருப்பிவிட்டால் பழைய நிலை மறந்துபோகும், ஊசியைத் திரும்ப மாற்றுவது எளிது.

எல்லா வகையும் ஊரில் கிடைப்பதில்லை என்பது நியாயமான குறை. அதற்கு நீண்ட பட்டியல் வேண்டியதில்லை: மெல்லிய கூர்முனை 75/11, பொதுப் பாவனை 80/12, 90/14, உருண்டை முனை 80/12 ஆகிய நான்கும் இக்கரையின் வேலையில் மிகுதியைச் சமாளிக்கும். வாங்கும்போது தண்டின் தலையையும் பார்க்க வேண்டும். வீட்டு இயந்திர ஊசியின் தலை ஒருபுறம் தட்டையானது. வேகத் தையல் இயந்திரத்தினது முழு உருளை, ஒன்று மற்றதற்குப் பொருந்தாது. உருளைத் தலை ஊசியைப் பூட்டும்போது, நூல் எந்தப் பக்கத்திலிருந்து காதுக்குள் நுழைகிறதோ அந்தப் பக்கம் நீண்ட பள்ளம் நிற்க வேண்டும். உப்புக்காற்றும் மாரிமழைக் காலத்து ஈரமும் ஊசியின் மெல்லிய உலோகப் பூச்சில் கீறல் கண்ட இடத்தைத் துருவாக்கிவிடும். துரு கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தாலும் இழையைப் பற்றி இழுக்கும். எட்டு மணி நேரத் தையலுக்கு ஓர் ஊசி என்பது பொதுவான கணக்கு. வாவிக் கரையில் திறந்த டப்பாவில் கிடந்த ஊசியை அந்தக் கணக்குக்குள்ளும் சேர்க்க முடியாது, மூடி இறுகிய போத்தலில் மெல்லிய எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்ததையே நம்பலாம்.